வானம் தெளிந்து ஐந்து நாட்கள் ஆன பின்னும் பனிச்சரிவு நிகழுமா?

கேள்வி:
நானும் நண்பர்கள் இருவரும் காவலோ பராமரிப்போ இல்லாத உயர்மலைப் பகுதியில் ஸ்கீ பலகைகளுடன் ஏறி இறங்கத் திட்டமிட்டிருக்கிறோம். பெரும் பனிப்பொழிவு நின்று ஐந்து நாட்கள் ஆகின்றன. வானம் தெளிவாகவும் குளிர் கடுமையாகவும் இருக்கிறது. நாங்கள் தேர்ந்த சாய்வில் பிறர் இறங்கிய தடங்களும் தெரிகின்றன. ஆயினும் பனிச்சரிவு முன்னறிவிப்பு அபாயத்தை ஐந்து படி அளவுகோலில் மூன்று என்கிறது. மூன்று என்பது நடுத்தரம்தானே?

பதில் 1:
இல்லை. அந்த அளவுகோலில் அபாயம் படிக்குப் படி சீராக ஏறுவதில்லை, பன்மடங்காக ஏறுகிறது. நான்கையும் ஐந்தையும் கண்டால் மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், மூன்றில் துணிந்து கிளம்புகிறார்கள். உயிரிழப்புகளில் பெரும் பங்கு அங்கேதான் நேர்கிறது.

நீங்கள் நம்பும் குளிரே இங்கு சிக்கலாகலாம். தரையை ஒட்டிய பனி ஏறத்தாழ 0 டிகிரியில் இருக்க, மேற்பரப்பு உறைந்து கிடக்கும்போது, 10 செ.மீ. ஆழத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் நீராவி மேல்நோக்கி நகர்ந்து, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரை போன்ற மணிகளாக மாற்றிவிடும். பனி குறைவாகப் படிந்த இடங்களில் இது விரைவாக நடக்கும். அத்தகைய வலுவற்ற அடுக்கின் மேல் காற்று இறுக்கிய பாளம், அதாவது பலகைபோல் ஒன்றாக இறுகிய பனி, அமர்ந்திருந்தால், அது வாரக்கணக்கில் அப்படியே காத்திருக்கும்.

தடங்களும் சான்றாகா. பாளம் தடித்த இடத்தில் பத்துப் பேர் கடந்திருக்கலாம். பதினோராவது நபர் பாறையருகே பாளம் மெலிந்த இடத்தை மிதித்தால், அவருடைய எடை அடியிலுள்ள வலுவற்ற அடுக்கை எட்டி, விரிசல் சாய்வு முழுவதும் ஓடிவிடும்.

பதில் 2:
மேலே சொன்னதை ஒருமுறை கண்ணால் கண்டேன். ஏறத்தாழச் சமதளமான இடத்தில் நடந்துகொண்டிருந்தபோது, காலடியில் 'பொம்' என்று அமுங்கிய ஒலி எழுந்து பனி சற்றே தாழ்ந்தது. மறுகணம் எங்களுக்கு மேலிருந்த சாய்வு பிளந்து சரிந்தது. ஓரமாக நின்றதால் தப்பினோம். அந்த ஒலி கேட்டால், தயவுசெய்து அன்றைய திட்டத்தைக் கைவிடுங்கள்.

பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையிலான சாய்வுகளில் நிகழ்கின்றன. 30 டிகிரிக்குக் குறைவான சாய்வுகளிலேயே செல்லுங்கள். தலைக்கு மேல் செங்குத்தான சாய்வு இணைந்திருக்கவும் கூடாது.

பதில் 3:
மூவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்சீவர் (புதைந்தவரைத் தேட உதவும் ரேடியோ கருவி), பனிக்குள் துழாவும் கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும் இருக்கட்டும். பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும். முழுவதும் புதைந்தவரைப் பத்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரைமணி கடந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே பிழைக்கிறார். வெளி உதவி அதற்குள் வந்து சேர்வது அரிது. ஐயத்துக்குரிய இடத்தை ஒருவர் பின் ஒருவராகக் கடந்து, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அந்தச் சாய்வை விட்டுவிட்டோம். கோணத்தை வரைபடத்திலேயே கணித்துக்கொள்ளலாமா?

பதில் 2:
திட்டமிட மட்டும் கணியுங்கள். இரண்டு உயரக்கோடுகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் குட்டையான செங்குத்து மேடு வரைபடத்தில் தெரியாது. சாய்மானியைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் அளந்துகொண்டே செல்லுங்கள்.