புதுப்பிப்பு: மாமாவின் வேலைநீக்கத்துக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது

அரசுப் பேருந்து நடத்துநரான என் மாமாவை 2019-ல் வேலையிலிருந்து நீக்கியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். இரண்டு பயணிகளிடம் காசு வாங்கிவிட்டுச் சீட்டு கொடுக்கவில்லை என்பது புகார். நேற்று உத்தரவு கைக்கு வந்தது. நிர்வாகம் கேட்ட ஒப்புதலைத் தொழிலாளர் துறை அதிகாரி மறுத்துவிட்டார்.

அந்தப் பயணிகளை நேரில் சாட்சியாக ஏன் விசாரிக்கவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். அது மட்டுமே குறையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. எங்களுக்குக் கைகொடுத்தது வேறு. தொழிலாளர் துறை அதிகாரி முன்பு சம்பளப் பேச்சு நிலுவையில் இருந்த நேரம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவரை நீக்கினால், அன்று நடப்பிலிருந்த தொழில் தகராறுகள் சட்டம் 33(2)(பி) பிரிவின்படி அகவிலைப்படி சேர்த்து ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அவரிடம் ஒப்புதலுக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மாமாவின் வங்கிப் புத்தகத்தில் அன்றைய வரவு அடிப்படைச் சம்பளம் மட்டும், அகவிலைப்படி இல்லை. அந்த ஒற்றை வரியை அத்தை பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். பயணிகளின் வாக்குமூல நகலையும் விசாரணையில் தரவில்லை.

ஒப்புதல் கிடைக்காவிட்டால் நீக்கமே நடக்காததாகக் கருத வேண்டும் என்பது 2002-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அரசு ஊழியர்களை விசாரணையின்றி நீக்குவதைத் தடுக்கும் அரசமைப்பின் 311-வது பிரிவு, போக்குவரத்துக் கழக ஊழியர்களுக்குப் பொருந்தாது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த 33(2)(பி) பிரிவுதான் அரணாக இருந்தது.

நிர்வாகம் உயர் நீதிமன்றம் போகலாம். சரி, போகட்டும். பணியில் சேரும் கடிதத்தை மாமா இன்று காலையே கொடுத்துவிட்டு வந்தார்.