நேர்வ் பிளொக்: 'நரம்பு மறிப்பு' பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். சுவாசப்பைப் புற்றுநோய்க்கு நுண்துளைச் சத்திரசிகிச்சை செய்துகொள்ள மலையகத்திலிருந்து கண்டிக்கோ மகரகமைக்கோ போகிறவர்களுக்கான கைந்நூலில், வலி தணிப்புப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். நரம்பருகே ஊசி மருந்து செலுத்தி வலியைத் தற்காலிகமாக நிறுத்துவதை வைத்தியர்கள் 'நேர்வ் பிளொக்' என்கிறார்கள். அதற்கு நிலையான தமிழ்ச் சொல் ஒன்று வேண்டும்.

முன்மொழியப்பட்ட 'நரம்பு அடைப்பு' எனக்கு உடன்பாடில்லை. அடைப்பு என்றதும் எங்கள் பகுதியில் மாரடைப்பே நினைவுக்கு வருவதால், நோயாளி அதை இன்னொரு நோயாகவே எடுத்துக்கொள்வார். 'வலித் தடுப்பூசி' அதைவிட மோசம். கொவிட் காலத்தில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டதைத்தான் அது குறிக்கும். உணர்வற்றுப் போவதைக் குறிக்கும் 'விறைப்பு' பேச்சில் உள்ள நல்ல சொல்தான். ஆனால் சத்திரசிகிச்சையில் நரம்பு காயப்பட்டுச் சிலருக்கு நெஞ்சுப் பகுதி மாதக்கணக்கில் விறைத்திருப்பதுண்டு. மருந்தால் வரும் விறைப்பையும் காயத்தால் வரும் விறைப்பையும் ஒரே சொல்லால் குறித்தால், எதை வைத்தியரிடம் முறையிட வேண்டும் என்பது நோயாளிக்குத் தெரியாமல் போய்விடும்.

இந்தச் சிகிச்சையில் வலிப்பது சுவாசப்பையின் இழையம் அன்று. கமராவும் கருவிகளும் விலா என்புகளுக்கிடையே நுழையும்போது, ஒவ்வொரு என்பின் கீழோரத்தையும் ஒட்டி ஓடும் பழுவிடை நரம்பு நசுங்குகிறது; பின்னர், உள்ளே தேங்கும் நீரையும் காற்றையும் வெளியேற்ற வைக்கும் வடிகுழாய் நெஞ்சறைச் சுவரின் உட்பக்கத்துப் புடைச்சவ்வை உரசிக்கொண்டே இருக்கிறது. வலிக்குப் பயந்து ஆழமாக மூச்செடுக்காமலும் இருமாமலும் கிடந்தால் சளி தேங்கி நியூமோனியா வரலாம். மோர்பீனைக் கூட்டினாலோ சுவாசமும் இருமலும் மந்தமாகும். ஆகவே பரசிற்றமோல் போன்றவற்றோடு, பியூபிவக்கெயின் போன்ற மருந்தை நரம்பருகே செலுத்துகிறார்கள். நரம்பில் செய்தி ஓட உதவும் சோடியம் வாயில்களை அது மூடிவிடுவதால் வலிச் செய்தி மூளையை எட்டாமல் வழியிலேயே நின்றுபோகிறது. மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்ததும் நரம்பு பழையபடி இயங்கும்.

எனவே 'நரம்பு மறிப்பு' என்று முன்மொழிகிறேன். தோட்டத்தில் கான் வெட்டுகிறவர்கள் தண்ணீரை மறித்து வைப்பதைப் போல, மறித்ததைத் திறந்துவிடவும் முடியும் என்ற பொருள் அச்சொல்லிலேயே இருக்கிறது. பழுவிடை நரம்பு மறிப்பு, முள்ளந்தண்டருகு மறிப்பு, குழாய் வைத்து மருந்து ஏற்றினால் தொடர் மறிப்பு எனக் கூட்டுச்சொற்களும் தடையின்றி அமைகின்றன.

ஹட்டனிலிருந்து

—

அன்புள்ள ஐயா,

'நரம்பு மறிப்பு' எனக்குச் சம்மதம். நேற்று ஒருவர் எழுதிய 'வலி மறிப்பு' வேண்டாம். நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்குப் பின் தோளிலும் வலி வருவதுண்டு. அது பெரும்பாலும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டின் நரம்பு வழியாக வருவதால் பழுவிடை நரம்பை மறித்தாலும் நிற்காது. பெயரிலேயே வலியை மறிப்பதாகச் சொல்லிவிட்டால், தோள் வலிக்கிறவர் ஊசி பலிக்கவில்லை என்று கலங்குவார்.

'முள்ளந்தண்டருகு மறிப்பு' கலைச்சொல் தொகுதியில் இருக்கட்டும், கைந்நூலில் வேண்டாம். எங்கள் வார்ட்டுக்கு வரும் தாய்மார் முள்ளந்தண்டு என்று கேட்டதுமே சிசேரியனுக்குப் போடும் முதுகு ஊசியை நினைத்து, கால் இழுத்துக்கொள்ளுமா என்று கேட்கிறார்கள். அங்கே 'முதுகுப்புற மறிப்பு' என்றால் போதும். 2016இல் விவரிக்கப்பட்ட, முதுகை நிமிர்த்தும் தசையின் தளத்தில் மருந்து செலுத்தும் முறையையும் நோயாளிக்கு அதே பெயரில் சொல்லலாம். இரண்டையும் பிரித்தறிய வேண்டியவர்கள் வைத்தியர்களே.

வினையையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். 'மறிப்பு நீங்கியது' என்பதைவிட 'மறிப்பு விலகுகிறது' நன்று, ஏனெனில் அது படிப்படியாகவே விலகும். ஊசியின் சுகத்தில் மாத்திரையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நள்ளிரவில் துடிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். 'மறிப்பு விலகத் தொடங்கும் முன்பே, தாதி தரும் மாத்திரையை விழுங்குங்கள்' என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கண்டியிலிருந்து