தவறு முதலில் யார் பெயரில் எழுதப்படுகிறது? – குழுவை நடத்துவோர் பற்றிய அனுபவங்கள்

ஆம்பூரிலிருந்து, காலணித் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றியவர்:

ஆம்பூருக்கு அருகே, குழந்தைகளுக்கான காலணிகளை ஏற்றுமதிக்காகத் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றியபோது நேரில் கண்டதை எழுதுகிறேன். காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் இடத்தில் ஊசி உடைவது அன்றாடம் நடப்பதுதான். உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் செல்லோ டேப்பால் ஒட்டி, இயந்திர எண், நேரம், தைத்தவரின் டோக்கன் எண் ஆகியவற்றைக் குறித்துக் கையெழுத்திட்ட பிறகே புது ஊசி தரப்படும். ஒரு துண்டு கிடைக்காமல் போனாலும் அந்த நேரத்தில் தைத்த ஜோடிகள் அனைத்தையும் தனியே ஒதுக்கித் தேடியாக வேண்டும். இல்லையென்றால் அது எங்கோ ஒரு குழந்தையின் காலில் ஏறும்.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் பல லைன்களின் (தையல் வரிசைகளின்) பதிவேடுகள் ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தன. ஊசி உடைந்தது என்று சொன்னால் இயந்திரம் நிற்கும், மணிக்கணக்கு டார்கெட் விழும், சூப்பர்வைசரின் ஏச்சு வரிசை முழுவதும் கேட்கும். அதனால் கைப்பையில் சொந்த ஊசி வைத்திருந்து, உடைந்ததைக் காலால் ஒதுக்கிவிட்டு, எதுவும் நடக்காதது போலத் தைத்தவர்களும் உண்டு.

அந்த நிலையில் ஒரு லைனுக்குப் புது சூப்பர்வைசராக ஓர் அம்மா வந்தார். தையல் வேலையிலிருந்தே படிப்படியாக உயர்ந்தவர், அதிகம் பேசமாட்டார். ஒரு மாலை, பேருந்துகள் வாசலில் வந்து நின்றுவிட்ட நேரத்தில், ஓர் ஊசி முனையைக் காணவில்லை. தயாரிப்பு மேலாளர் வேகமாக வந்து, “எந்த டெய்லர்?” என்று கேட்டார். தைத்த பெண் எழுந்து நிற்பதற்குள் இவர் முன்னால் வந்து, “லைன் என்னுடையது, சார். அந்த மெஷினில் நூல் இழுக்கிறது என்று மதியமே சொன்னார்கள். மெக்கானிக்கை அழைக்காமல் ஓட்டச் சொன்னது நான்தான்” என்றார். பதிவேட்டிலும் தம் பெயரை முதலில் எழுதிவிட்டு, அதன் கீழே டோக்கன் எண்ணைக் குறித்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பேருந்துக்கு அனுப்பிவிட்டுத் தாமே காந்தத்தோடு அமர்ந்தார். கணுக்காலைச் சுற்றி வரும் பஞ்சுப் பட்டைக்குள் அந்த முனை அகப்பட்டபோது நன்றாக இருட்டிவிட்டது.

என்னைப் பொறுத்தவரை இதில் முக்கியமானது அந்த மாலை அல்ல, அதற்குப் பிறகு நடந்ததுதான். அடுத்து வந்த மாதங்களில் அந்த லைனின் பதிவேடு பக்கம் பக்கமாக நிரம்பத் தொடங்கியது. ஊசிகள் முன்பும் அதே அளவில்தான் உடைந்திருக்க வேண்டும்; இப்போது அவை கணக்கில் வந்தன, அவ்வளவுதான். ஆனால் மாதாந்திரக் கூட்டத்தில் திரையில் காட்டப்பட்ட அட்டவணையில், தொழிற்சாலையிலேயே மிக மோசமான லைன் அவருடையது என்று ஆகிவிட்டது. வெற்றுப் பதிவேட்டோடு வந்தவர்கள் பாராட்டுப் பெற்றார்கள். முழுமையாகக் கிடைத்த ஊசிகளுக்கும் துண்டு காணாமல் போன ஊசிகளுக்கும் தனித்தனிக் கட்டம் போட வேண்டும் என்று எங்கள் பிரிவு வாதாடி, அந்த மாற்றம் நடைமுறைக்கு வரும் வரையில் அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் தலைகுனியாமல் ஆனால் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. பொறுப்பேற்பவரைப் பற்றிப் பேசுவோர், அவருக்கு மேலே இருப்பவர்கள் அந்த எண்களை எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

வேலூரிலிருந்து, ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்:

ஆம்பூர் நண்பர் கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது, மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லும் போதெல்லாம் நான் சொல்லி வந்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் விதித்த தடையும் உடனடிக் காரணங்கள் என்பது பாடநூலிலேயே இருக்கிறது. பலர் கவனிக்காதது, முந்தைய மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தம் கர்னலான ஃபோர்ப்ஸிடம் சென்று இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று எச்சரித்தார் என்பது. கர்னல் அதைத் தாமே விசாரிக்காமல் படையிலிருந்த இந்திய அதிகாரிகளிடம் தள்ளிவிட்டார். அவர்களில் சிலருக்கே திட்டத்தில் பங்கு இருந்தது. இவன் பேச்சை நம்பக் கூடாது என்று அவர்கள் சொல்ல, செய்தி கொண்டு வந்தவரையே காவலில் வைத்தார்கள்.

நாம் இன்று அந்தச் சிப்பாய்களின் பக்கம் நின்று அந்த எழுச்சியைப் போற்றுகிறோம்; நானும் அப்படித்தான். ஆயினும் ஒரு கூட்டத்தை நடத்துவோர் எப்படிச் செவிடாகிறார்கள் என்பதற்கு நம் ஊரிலேயே இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆர்க்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அதே நாளில் எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கினார். அடுத்த ஆண்டு, 1807இல், சென்னை ஆளுநர் பென்டிங்க் பிரபுவும் தலைமைத் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். தம் மேல் பழி இல்லை என்று பென்டிங்க் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களுக்கு நீண்ட முறையீடு எழுதினார். 1828இல் அவரே கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்குத் திரும்பி வந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள்.

குடியாத்தத்திலிருந்து, மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்:

ஆம்பூர் அண்ணன் சொன்ன சூப்பர்வைசரை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் தலைவரே தம் தலையில் போட்டுக்கொள்வது நல்லது என்று யாராவது எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் குழுவில் பெரும்பாலோர் பீடி சுற்றுபவர்கள். முன்பு குழுவை நடத்தும் ஊக்குநராக இருந்த அக்கா மிகவும் நல்லவர். யாராவது தவணை கட்ட முடியாமல் போனால், குழுவின் பெயர் கெடக் கூடாது என்று தம் கூலியிலிருந்தே எடுத்துக் கட்டிவிடுவார். கேட்டால் “என் பொறுப்புதானே” என்பார். முதலில் உண்மையாகவே கஷ்டப்பட்டவர்கள்தான் அப்படி நின்றார்கள். பிறகு, அக்கா பார்த்துக்கொள்வார் என்று பண்டிகைச் செலவுக்காகத் தவணையைத் தள்ளியவர்களும் சேர்ந்தார்கள். வங்கிக் கணக்கில் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. அக்காவின் காதில் இருந்த கம்மல் அடகுக் கடைக்குப் போன பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

அவருக்குப் பின் வந்த ஊக்குநர் ஒவ்வொரு கூட்டத்திலும் தம்முடைய கடன் பாக்கியைத்தான் முதலில் வாசிப்பார். அதன் பின் ஒவ்வொருவரும் தத்தம் பாஸ்புத்தகத்தைத் தாமே வாசிக்க வேண்டும். கட்ட முடியாதவர் எந்தத் தேதியில் கட்டுவார் என்பதைத் தம் வாயால் சொல்ல, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும். உடம்பு சரியில்லாதவருக்கு உதவ வேண்டும் என்றால் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்து, குழுவுக்குள்ளேயே தரும் உட்கடனாக எழுதுவோம். தொடக்கத்தில் இது எங்களுக்குக் கூச்சமாக இருந்தது, சிலர் கோபித்துக்கொண்டு இரண்டொரு கூட்டங்களுக்கு வரவும் இல்லை.

அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும்: தைப்பவர்களில் ஒருவர் வேண்டுமென்றே அலட்சியமாக இருந்தால் அந்த அம்மா அப்போதும் தம் பெயரைத்தான் எழுதினாரா?

ஆம்பூரிலிருந்து, மீண்டும்:

இல்லை, தங்கச்சி. பதிவேட்டில் இரண்டு பெயர்களும் எப்போதும் இருந்தன. இயந்திரத்தின் நிலை, ஊசி இருப்பு, புதியவருக்குப் பழக்கம் கொடுப்பது ஆகியவற்றில் குறை என்றால் அவர் தம் பெயரை மேலே எழுதுவார். தைத்தவரின் கை பிசகினால் டோக்கன் எண் அதற்குரிய இடத்தில் நிற்கும். வேகமாகத் தைக்க வேண்டும் என்று இயந்திரத்தின் விரல் காப்பைக் கழற்றி வைத்த ஓர் இளைஞரைத் தேநீர் இடைவேளையில் தனியே அழைத்துப் பேசினார். திரும்பவும் கழற்றியபோது, அவரை அருகில் நிற்க வைத்துக்கொண்டே மேலாளரிடம், “இவரை மெஷினிலிருந்து எடுத்துப் பசை ஒட்டும் வேலைக்கு மாற்றுகிறேன், காரணம் இது, முடிவு என்னுடையது” என்றார். அந்த இளைஞருக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச காலம் இருந்துவிட்டு வாணியம்பாடிப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.