லெவே, அப்பெலே: பிரெஞ்சு வினைகளில் அசை பிரிப்பதும் ஆக்ஸான் இடுவதும்

கேள்வி:
வணக்கம். பிரெஞ்சு பி1 நிலைத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். தூக்குதல் என்று பொருள்படும் 'லெவே' என்ற வினையை இலக்கண நூல் 'லெவ்' என்ற பகுதி, 'ஏ' என்ற விகுதி எனப் பிரிக்கிறது. ஆசிரியரோ 'லெ-வே' என்று அசை பிரிக்கிறார். இவற்றில் எது சரி? 'நூ லெவோன்' (நாங்கள் தூக்குகிறோம்) என்பதில் வெறுமனே நிற்கும் எகரம், 'ஜெ லேவ்' (நான் தூக்குகிறேன்) என்பதில் மட்டும் ஆக்ஸான் கிராவ் (எழுத்தின் மேல் இடும் சாய்கோடு, è) பெறுவது ஏன்? அழைத்தல் என்று பொருள்படும் 'அப்பெலே' என்ற வினையில் அதே இடத்தில் ஆக்ஸானுக்குப் பதில் 'எல்' இரட்டிப்பதும் குழப்புகிறது.

மறுமொழி 1:
இரண்டும் சரியே. 'ஓடினான்' என்பது பகுபத உறுப்புகளாக ஓடு+இன்+ஆன் என்றும், ஒலியில் ஓ-டி-னான் என்றும் பிரிகிறதல்லவா? இங்கும் அப்படித்தான். உங்கள் ஆக்ஸான் பெரும்பாலும் ஒலிப் பிரிப்பைப் பின்பற்றுகிறது.

பிரெஞ்சில் இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் ஒற்றை மெய் அடுத்த அசையோடு சேரும். ஆகவே 'நூ லெ-வோன்' என்பதில் 'லெ' உயிரில் முடியும் திறந்த அசை. அதில் மெலிந்த எகரம் நிற்க முடியும். 'ஜெ லேவ்' என்பதிலோ ஈற்று எகரம் எழுத்தில் மட்டுமே இருக்கிறது, ஒலிப்பதில்லை. அதனால் வகர மெய் முந்தைய அசையிலேயே தங்கி அதை அடைத்துவிடுகிறது. அடைபட்ட அசையில் மெலிந்த எகரம் நிற்காது, வாய் விரிந்த எகரமாக மாறிவிடும். அந்த மாற்றத்தைத்தான் ஆக்ஸான் காட்டுகிறது; 'ஜப்பெல்' (நான் அழைக்கிறேன்) என்பதில் இரட்டித்த 'எல்' செய்வதும் அதே வேலைதான். நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் ஆகிய வடிவங்களில் மாற்றம் வரும். நாங்கள், நீங்கள் ஆகியவற்றில் வராது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் எதிர்காலத்தில் 'ரே' என்ற விகுதி ஒலிக்கும்போதும் ஆக்ஸான் வருகிறதே? எந்த வினை ஆக்ஸான் பெறும், எது இரட்டிக்கும் என்று அறிவது எப்படி?

மறுமொழி 2:
எதிர்காலத்தில் நடு எகரம் பேச்சில் உதிர்ந்து 'லேவ்-ரே' என்றாகிறது. அசை மீண்டும் அடைபடுகிறது. ஆனால் மேலே சொன்ன விதியை எல்லா இடத்திலும் காதை மட்டும் நம்பிப் பொருத்த வேண்டாம். நிபந்தனை வினையான 'நூ லேவெரியோன்' என்பதில் 'ரியோ' தொடர்வதால் நடு எகரம் உதிராமல் ஒலிக்கிறது. அசை திறந்தே இருந்தும் ஆக்ஸான் அப்படியே நிற்கிறது. எனவே எழுதும்போது, அடுத்த எழுத்தசையில் மெலிந்த அல்லது ஒலிக்காத எகரம் உள்ளதா என்று பாருங்கள். உண்டென்றால் ஆக்ஸான் இடுங்கள்.

இரட்டிப்பைப் பொறுத்தவரை, 1990 டிசம்பர் 6 அன்று பிரெஞ்சு அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தங்கள் வேலையை எளிதாக்கின. அவற்றின்படி அப்பெலே, ஜெதே (எறிதல்) ஆகியவையும் அவற்றின் குடும்பச் சொற்களும் மட்டும் இரட்டிக்கும். 'எலே', 'எதே' என முடியும் பிற வினைகள் ஆக்ஸான் பெறலாம். பழைய வடிவங்களும் இன்றுவரை செல்லும் என்பதால், தேர்வுத் தாளில் ஒரே முறையைக் கடைசிவரை பின்பற்றுங்கள்.