தோப்பு வீடு குழு: கிணற்று மோட்டாருக்குச் சோலார்

*சனிக்கிழமை*

கவிதா (மஸ்கட்), காலை 8:12
அப்பா, போன வாரம் இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் கைவாளியில் தண்ணீர் இறைத்தீர்கள் என்று அத்தை சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அடைமழைக்கு முன்பே மோட்டாருக்குச் சோலார் போட்டுவிடலாம். இன்வெர்ட்டர், 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு, நான்கு பேனல் என்று ஒரு கடைக்காரர் விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார். பணம் நான் அனுப்புகிறேன். செல்வன் அண்ணா ஒருமுறை பார்த்துச் சொன்னால் போதும்.

ராசேந்திரன் சித்தப்பா (கவிதாவின் அப்பா), காலை 8:40
குரல் பதிவு யாரும் போட வேண்டாம், எல்லாவற்றையும் எழுதியே அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் அகப்படும். கஜா புயலின்போது (2018 நவம்பர் 16) நம் வேதாரண்யம் பக்கத்தில் கம்பங்கள் விழுந்து, தெருவுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. வாடகை ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து, தொட்டிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு நிரப்பினார்கள். லைன்மேனாக 31 வருடம் வேலை பார்த்தவன் வீட்டிலேயே அதுதான் நிலைமை. ஆகவே சோலார் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேட்டரி என்றால் யோசிக்க வேண்டும்.

செல்வன் (கோவை), காலை 9:25
பட்டியலைப் பார்த்தேன், கவிதா. அதில் உள்ள பொருள்களில் பாதி நம் வீட்டுக்குத் தேவைப்படாது. இப்போது இருக்கும் ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ளது) ஓடும்போது ஏறக்குறைய 1,100 வாட் இழுக்கும். ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் கடைக்காரர் பெரிய இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் எழுதியிருக்கிறார். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் தினமும் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும்; கடற்காற்றில் டெர்மினல் பூத்துப்போவதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாம் சேமிக்க வேண்டியது தண்ணீரை, மின்சாரத்தை அல்ல. மாடியில் 1,000 லிட்டர் தொட்டி ஏற்கெனவே இருக்கும்போது பேட்டரி எதற்கு?

கவிதா (மஸ்கட்), காலை 9:31
அப்படியானால் மானியத்தில் கூரை சோலார் போட்டுவிடலாமே, அண்ணா? மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் தருகிறார்கள்.

ராசேந்திரன் சித்தப்பா, காலை 9:50
அதற்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மானியம் லைனோடு இணைத்த சோலாருக்குத்தான். லைனில் மின்சாரம் நின்றால் அந்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். நின்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவனுக்கு உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் போய்ச் சேரும். மேலத்தெருவில் ஒருவர் நிறையச் செலவழித்துப் போட்டுவிட்டு, போன வாரம் உச்சி வெயிலில் பேனலைப் பார்த்தபடி இருட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

செல்வன் (கோவை), காலை 10:04
சித்தப்பா சொல்வது சரி. மத்திய அரசின் குசும் திட்டத்தில், லைனோடு இணைக்காமல் தனித்து இயங்கும் சோலார் பம்புக்கு மானியம் உண்டு, ஆனால் அது விவசாயிகளின் பாசனப் பம்புக்கு உரியது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் மோட்டார் நாளுக்குக் கால் மணி நேரம் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 16, 17 யூனிட்தான் ஆகும். முதல் 100 யூனிட் இலவசமாகவே வருகிறது. பணம் மிச்சமாகும் என்று நினைத்து இதில் இறங்கினால் ஏமாற்றம்தான். மின்சாரம் இல்லாத நாளிலும் தண்ணீர் வேண்டும் என்பதற்காக மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

மல்லிகா அத்தை, காலை 11:15
நீங்கள் எல்லோரும் மின்சாரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கிணற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. கஜா சமயத்தில் எங்கள் பின்வீட்டுக்காரர் பெரிய ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு தெருவுக்கே தருகிறேன் என்று நாளெல்லாம் இறைத்தார். நல்ல மனதோடுதான் செய்தார். நான்காம் நாள் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. வாயில் வைத்தால் கரித்தது. அந்தக் கிணறு தேறுவதற்கு அடுத்த மழைக்காலம் வரை ஆனது.

செல்வன் (கோவை), காலை 11:38
அத்தை, பம்புக் கம்பெனியில் வேலை பார்க்கும் நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நம் மணல்மேட்டில் மழைத் தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. மேலே வேகமாக இறைத்து மட்டத்தைத் தாழ்த்தினால், கீழேயிருந்து உப்பு மேலேறி வரும். நம் உறைக்கிணற்றின் குறுக்களவு நான்கடி. அதில் ஓரடித் தண்ணீர் என்பது சுமார் 356 லிட்டர்தான். ஆகவே மோட்டார் எவ்வளவு பெரியது என்பதைச் சூரியனை வைத்து முடிவு செய்யக்கூடாது, ஊற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சித்தப்பா, நாளைக் காலையில் மோட்டார் போடுவதற்கு முன் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது, தொட்டி நிரம்பியதும் எத்தனை அடிக்கு இறங்கியது, பழைய மட்டத்துக்கு ஏறி வர எவ்வளவு நேரம் ஆனது என்ற மூன்றையும் அளந்து எழுத முடியுமா?

*ஞாயிற்றுக்கிழமை*

ராசேந்திரன் சித்தப்பா, காலை 10:20
கயிற்றில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி அளந்தேன். தண்ணீரைத் தொடும்போது ‘டொப்’ என்று சத்தம் கேட்கும். கைப்பிடிச் சுவரின் விளிம்பிலிருந்து 11 அடி. தொட்டி நிரம்பி மோட்டாரை நிறுத்தியபோது 13 அடி 4 அங்குலம். அதன்பின் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். பழைய மட்டத்துக்கு வர 2 மணி 10 நிமிடம் ஆனது. உன் சித்தி என்னைக் கிணற்றடியிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்ளச் சொல்கிறாள்.

செல்வன் (கோவை), காலை 10:47
மிகவும் நன்றி, சித்தப்பா. 2 அடி 4 அங்குலம் என்றால் ஏறக்குறைய 830 லிட்டர். அது 2 மணி 10 நிமிடத்தில் ஊறியிருப்பதால், சராசரியாக மணிக்கு 380 லிட்டர் ஊற்று என்று கொள்ளலாம். மணிக்கு 400 லிட்டர் இறைக்கும் சின்ன டிசி (பேனல் தரும் நேர்மின்னோட்டத்தில் ஓடும்) பம்பைப் போட்டால், கிணறு ஓரடியை ஒட்டித் தாழ்ந்து அங்கேயே நிற்கும். நான்கு மணி நேரத்தில் நாம் புழங்கும் 1,500 லிட்டர் ஏறிவிடும். கோடைத் தண்ணீர் மட்டம் 14 அடி, தொட்டி உயரம் 22 அடி, குழாய் உராய்வு எல்லாம் சேர்த்து 40 அடிக்கு ஏற்ற வேண்டும். அதற்கு 60, 70 வாட் போதும்.

கவிதா (மஸ்கட்), காலை 10:55
வெறும் 70 வாட்டா? நான் ஒரு கிலோவாட்டுக்கு மேல் கணக்குப் போட்டிருந்தேன். அப்படியென்றால் ஒரு பேனல் போதுமே!

செல்வன் (கோவை), காலை 11:10
வெயில் நாளில் ஒன்றே அதிகம்தான். ஆனால் நமக்குத் தேவைப்படும் மாதம் நவம்பர். வானம் மூடிக் கிடக்கும்போது பேனல் பத்தில் ஒரு பங்கு தந்தாலே பெரிது. 335 வாட் பேனல் இரண்டு போட்டால் 670. அதில் பத்தில் ஒன்று 67. மழை இருட்டிலும் பம்பு மெதுவாகச் சுற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டாவது பேனல். அதே காரணத்தால், கடையில் கேட்கும்போது ஹெலிக்கல் ரோட்டர் (திருகு) வகை என்று கேட்க வேண்டும். சாதாரண இம்பெல்லர் (சுழல் சக்கர) பம்பு குறிப்பிட்ட வேகத்தை எட்டாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஏறாது. இந்தத் திருகு வகையின் ரப்பரை மணல் அரித்துவிடும் என்பதால், அடியிலிருந்து இரண்டடி தூக்கித் தொங்கவிட வேண்டும். இரண்டு பேனலைத் தொடராக இணைத்தால், பம்பு ஓடாத நேரத்தில் 90 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பம்பை இயக்கும் கண்ட்ரோலர் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். கிணறு வறண்டால் நிறுத்துவதற்கும் தொட்டி நிரம்பினால் நிறுத்துவதற்கும் சென்சார் இரண்டும் கட்டாயம்.

ராசேந்திரன் சித்தப்பா, காலை 11:32
இணைப்பை நானே கொடுத்துவிடுவேன். வீட்டில் மிச்சமான எம்சிபி (தானாக விழும் சின்ன பிரேக்கர் சுவிட்ச்) ஒன்று இருக்கிறது.

செல்வன் (கோவை), காலை 11:36
சித்தப்பா, தயவுசெய்து அதைப் போட வேண்டாம். அது ஏசிக்கு, அதாவது லைனில் வரும் மாறுமின்னோட்டத்துக்கு உரியது. ஏசி ஒவ்வொரு சுழற்சியிலும் சுழியத்தைத் தொடுவதால், சுவிட்சை அணைக்கும்போது எழும் பொறி தானாக அணையும். டிசியில் அது அணையாமல் நீண்டுகொண்டே எரியும். டிசி என்று அச்சிட்ட ஐசொலேட்டரைத்தான் (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சைத்தான்) போட வேண்டும். வெயில் இருக்கும்வரை பேனலுக்கு மெயின் சுவிட்ச் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். போர்வை போட்டு மூடிவிட்டு வேலை செய்யுங்கள்.

மல்லிகா அத்தை, பிற்பகல் 2:05
பேனலை எங்கே வைக்கப் போகிறீர்கள்? மாடியில் வைத்தால் கிழக்கே நிற்கும் தென்னையின் நிழல் பத்தரை மணி வரை விழுகிறது. துணி காயப்போடுகிற எனக்குத் தெரியும்.

செல்வன் (கோவை), பிற்பகல் 2:18
ஒரு மட்டையின் நிழல் பேனலில் குறுக்கே விழுந்தாலும் போதும். உள்ளே செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் உற்பத்தி பெருமளவு குறைந்துவிடும். அந்த மரத்தை எடுத்துவிட்டால்…

ராசேந்திரன் சித்தப்பா, பிற்பகல் 2:20
அந்த மரத்தில் யாரும் கை வைக்கக்கூடாது. கஜாவில் நம் தோப்பில் தப்பியது மொத்தம் நான்கு மரம். அதில் ஒன்று அது.

செல்வன் (கோவை), பிற்பகல் 2:41
மன்னித்துக்கொள்ளுங்கள், சித்தப்பா. மாட்டுக்கொட்டகைக் கூரைக்கு நாள் முழுவதும் வெயில் வருகிறது, தேங்காய் விழும் எல்லைக்கும் அப்பால் இருக்கிறது. கிணற்றிலிருந்து 40 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் முழு வெயிலில் நான்கு சதவீதம் போல வழியிலேயே தொலையும். 6 போட்டால் மூன்று. நமக்குத்தான் மிச்சம் இருக்கிறதே, 4 போதும். தெற்குப் பார்த்து 10, 12 பாகை சாய்வு. ஆனால் கொட்டகைச் சட்டத்தில் கட்டாமல், தரையிலிருந்து தனியாகக் கான்கிரீட் போட்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கால் நிறுத்துங்கள்; போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். காற்றுக்கு அது ஒரு பாய்மரம் மாதிரி.

கவிதா (மஸ்கட்), பிற்பகல் 3:02
பழைய விலைப்பட்டியல் வேண்டாம் என்று கடைக்காரருக்குச் சொல்லிவிட்டேன். அண்ணா, நீங்கள் சொன்ன பொருள்களை மட்டும் ஒரே செய்தியாக எழுதி அனுப்புங்கள், அதை வைத்து வேறு இரண்டு இடத்தில் விலை கேட்கிறேன். பழைய மோட்டாரைக் கழற்ற வேண்டாம் அல்லவா?

செல்வன் (கோவை), பிற்பகல் 3:09
வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். இரண்டு குழாயும் சேரும் இடத்தில் குழாய்க்கு ஒன்றாக, தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் நான்ரிட்டர்ன் வால்வு வைத்தால் போதும்.

மல்லிகா அத்தை, பிற்பகல் 3:30
குழாய் போடும்போது எங்கள் வீட்டுப் பக்கமாக ஒரு கிளையும் விட்டுவிடுங்கள், அண்ணா. மணிக்கு 400 லிட்டருக்கு மேல் எடுக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ராசேந்திரன் சித்தப்பா, பிற்பகல் 3:34
விடுகிறேன், மல்லிகா. கயிறும் நட்டும் கிணற்றடி ஆணியில்தான் தொங்குகின்றன. வெள்ளிக்கிழமைதோறும் நீ அளந்து இங்கே எழுது.