பசை பாடுமா? டி-28 ஆதென்டிக் பற்றி ஒரு விவாதம்

தச்சன்பேரன்:
நேற்று வேறொரு இழையில் கூடலூரான் எழுதியதை அப்படியே தருகிறேன்: "மார்ட்டின் டி-28 ஆதென்டிக் 1937 மாதிரிக்குக் கொடுக்கும் காசு, மாட்டுத்தோல் பசைக்குக் கொடுக்கும் காசு. பசை பாடுமா? வாங்குபவன் ஏமாளி." தெரியாதவர்களுக்கு: மார்ட்டின் அமெரிக்கக் கிட்டார் நிறுவனம், ஆதென்டிக் என்பது 1937இன் டி-28 கிட்டாரைப் பார்த்து, அந்தக் காலத்து மாட்டுத்தோல் பசையிலேயே ஒட்டிச் செய்யும் மாதிரி. அவர் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. சென்னையில் 14 வருடமாகக் கிட்டார் பழுது பார்க்கிறேன். என் தாத்தா கதவும் பெட்டியும் வச்சிரம் காய்ச்சி ஒட்டியவர். பசையைக் கையால் தொடாதவர்கள் பசையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அமெரிக்கர்கள் ஹைட் க்ளூ என்று சொல்வது நம் வச்சிரம்தான். இரவே குருணையைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரி சூட்டில் உருக்க வேண்டும். கொதித்துவிட்டால் பலம் போய்விடும். மரத்தையும் லேசாகச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். தடவியபின் ஒரு நிமிடம்தான் கையில் இருக்கும். அதற்குள் பொருத்தி இறுக்காவிட்டால் பால் ஆடை மாதிரி கட்டிக்கொள்ளும். சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காய்ந்ததும் அது கண்ணாடி. டைட்பாண்ட், ஃபெவிகால் வகைகள் காய்ந்தபிறகும் நகத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். முன்பலகைக்கும் அதன் அடியில் ஒட்டிய பிரேஸ் என்னும் தாங்கு கட்டைகளுக்கும் நடுவே எது இருந்தால் நல்லது? கூடலூரான் பதில் சொல்லட்டும்.

கூடலூரான்:
சொல்கிறேன். நன்றாக இழைத்துப் பொருத்திய மூட்டில் பசை தலைமுடி கனம்கூட இருக்காது. அந்தப் படலம் கெட்டியா இளக்கமா என்று காதால் கண்டுபிடிப்பவர் யாராவது இருந்தால் என் முன்னால் செய்து காட்டட்டும். நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். பசை பாடாது.

தாத்தா பெயரை இழுத்ததால் நானும் சொல்கிறேன். என் அப்பா கூடலூரில் மரம் அளந்தவர். ஈட்டி மரத்தைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்வார். பாடுவது மரம். 1969 வாக்கில் பிரேசில் ரோஸ்வுட் கிடைக்காமல் மார்ட்டின் திண்டாடியபோது அவர்களைத் தூக்கி நிறுத்தியது இந்திய ரோஸ்வுட், அதாவது எங்கள் மலைத்தொடரின் ஈட்டி. இன்றைக்கும் சாதாரண டி-28இன் முதுகு அதுதான். அதைப் பற்றி இங்கே ஒருவரும் வாய் திறப்பதில்லை. பசைக்கு மட்டும் பாட்டு.

எடிசன்வாசி:
நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத்தில் உள்ள மார்ட்டின் தொழிற்சாலைக்கு இரண்டு முறை போய்விட்டு வந்தேன். இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 1930களின் டி-28 அப்படி ஒலிக்க முதல் காரணம் பிரேசிங், அதாவது அந்தத் தாங்கு கட்டைகளின் அமைப்பு. முன்பலகையின் அடியில் எக்ஸ் வடிவில் குறுக்கே போகும் கட்டைகள் சவுண்ட் ஹோல் என்னும் வட்டத் துளையிலிருந்து ஒரு அங்குலத்திலேயே சந்திக்கும். அந்தப் பத்தாண்டின் கடைசியில் அதைப் பின்னால் தள்ளினார்கள். கட்டைகளின் நடுவே குழிவாகச் செதுக்குவதும் 1944 கடைசியோடு நின்றது. முன்பலகைக்குப் போட்ட அடிரோண்டாக் ஸ்ப்ரூஸ் மரமும் அதே காலத்தில் போய் சிட்கா ஸ்ப்ரூஸ் வந்தது. ஆதென்டிக் மாதிரியில் இவை எல்லாமே திரும்பி வந்திருக்கின்றன. கூடவே முன்பலகையை ஆக்சிஜன் குறைந்த சூளையில் வறுத்து, பழைய மரம் போல ஆக்குகிறார்கள். 2015இலிருந்து இது நடக்கிறது. காசு பசைக்கு மட்டும் என்று சொல்வது தவறு.

தச்சன்பேரன்:
எடிசன்வாசி சொன்னதைப் பாருங்கள், கூடலூரான் சொன்னது தவறு என்று அவரே சொல்லிவிட்டார்.

எடிசன்வாசி:
பசைதான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை, ஐயா.

தச்சன்பேரன்:
அந்தக் கட்டைகளை எதை வைத்து ஒட்டினார்கள்? அதைச் சொல்லுங்கள். பிரேசிங் பிரேசிங் என்கிறீர்கள், பிரேஸ் தானாகவா நிற்கிறது? கம்பிகள் சேர்ந்து 70, 80 கிலோ இழுக்கின்றன. ராத்திரி பகல் அந்த இழுப்பைத் தாங்கி நிற்பது பசை.

புதுவிரல்:
வணக்கம். நான் வாசிக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. பழைய கிட்டார்களின் ஓசை பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். அது எப்படி இருக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா? பேஸ் அதிகமா, சத்தம் அதிகமா, சீக்கிரம் பதில் கொடுக்குமா? சேமித்து வைத்த பணத்தில் ஒரே ஒரு நல்ல கிட்டார் வாங்கப் போகிறேன்.

கூடலூரான்:
தம்பி, பசைக்குக் காசு கொடுக்காதீர்கள். அது போதும்.

தச்சன்பேரன்:
தம்பி, இவர் பேச்சைக் கேட்டு வாங்கினால் பத்து வருடம் கழித்து என்னிடம்தான் வருவீர்கள்.

சுருதிப்பெட்டி:
நான் கேட்க நினைத்தது வேறு. மாட்டுத்தோலில் செய்த பசை என்று இப்போதுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் வாத்தியத்தைப் பூஜை அறையில் வைப்போம். டைட்பாண்டில் ஒட்டியதே எனக்குப் போதும். மற்றவர்களுக்கும் இதைச் சொல்லி விற்க வேண்டும் என்பது என் கருத்து.

தச்சன்பேரன்:
அம்மா, மிருதங்கத்தின் இரு பக்கமும் தோல்தான். மாடு, எருமை, ஆடு மூன்றும் அதில் சேரும். அதைப் பூஜை அறையில் வைத்துப் பொட்டும் வைக்கிறோம். கிட்டாரின் உள்ளே கண்ணுக்கே தெரியாத பசைக்கு இந்தக் கேள்வி ஏன்?

சுருதிப்பெட்டி:
என் வீட்டில் மிருதங்கம் இருப்பதாக நான் சொன்னேனா? எனக்கு எது வேண்டும் என்று நான் சொன்னேன். நீங்கள் எதற்கு எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள்? போன வருடம் ஸ்ட்ரிங் கேஜ், அதாவது கம்பியின் கனம் பற்றிக் கேட்டபோதும் இதே தோரணையில்தான் பேசினீர்கள். எனக்கு மறக்கவில்லை.

கூடலூரான்:
அந்த அம்மா கேட்டது நியாயம். அதிலும் நம் ஊர் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அந்தப் பசை தாங்காது. சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகும். நீங்களே 60 டிகிரியில் உருக்குவதாகச் சொன்னீர்கள். மே மாதம் மதியம் வெயிலில் நிற்கும் காருக்குள் எவ்வளவு சூடு என்று யோசியுங்கள். அதோடு, ஆதென்டிக்கின் நெக்கில், அதாவது கழுத்துக் கட்டைக்குள் இருப்பது திருகிச் சரிசெய்ய முடியாத இரும்புப் பட்டை, 1934இல் போட்டது போலவே. மார்ட்டின் 1985இலேயே திருகக்கூடிய ராடுக்கு மாறிவிட்டது. சென்னை மழைக்காலத்தில் நெக் வளைந்தால் என்ன செய்வீர்கள்?

தச்சன்பேரன்:
நெக் கதைக்குத் தாவாதீர்கள். பேச்சு பசையைப் பற்றி. காரில் வைத்தால், டைட்பாண்டில் ஒட்டிய பிரிட்ஜும், அதாவது முன்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையும், பெயர்ந்துதான் வருகிறது. என் மேசைக்கு வரும் கோடைக்காலப் பெயர்ச்சிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். கிட்டாரைக் காரில் போட்டவனைத் திட்டாமல் பசையைத் திட்டுகிறீர்கள்.

ஈரம் தாங்காது என்றீர்கள். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் வைட்டிடம் இருந்து, பிறகு இன்னொரு கலைஞர் டோனி ரைஸ் கைக்கு வந்த 1935 டி-28 தெரியுமா? 1975இல் ரைஸ் அதை 550 டாலருக்கு வாங்கினார். 1993இல் ஃபுளோரிடாவில் புயல் வெள்ளம் வந்தபோது அது தண்ணீரில் மூழ்கியது. பழுது பார்த்த பின் அவர் மறுபடியும் அதையே வாசித்தார். வச்சிரத்தில் ஒட்டிய கிட்டார். ஈரம் பட்டால் பிரியும், பிரிந்ததை அதே இடத்தில் அதே பசையால் சேர்க்கலாம், பழைய பசையின் மேலேயே புதியது பிடிக்கும். டைட்பாண்ட் வகையில் அது நடக்காது, காய்ந்ததை முழுக்கச் சுரண்டினால்தான் அடுத்தது ஒட்டும். சுரண்டும்போது மரமும் கொஞ்சம் போகும். எண்பது, தொண்ணூறு வருடம் வாழ வேண்டிய கிட்டாருக்கு எந்தப் பசை வேண்டும்?

எடிசன்வாசி:
அந்தக் கிட்டாரின் சவுண்ட் ஹோலையே முன்பு யாரோ அகலமாக்கியிருக்கிறார்கள். அதன் தனி ஓசைக்கு அதுவும் ஒரு காரணம் என்று பலர் சொல்வார்கள். அதை பசைக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

கூடலூரான்:
நன்றி. வெள்ளத்தில் பிழைத்தது பழுது பார்த்தவரின் கைத்திறமை. நான் கேட்டது பழுது பார்க்க வசதியா என்பதல்ல. பாடுமா என்று கேட்டேன். இவர் ஆறு பதிவு எழுதிவிட்டார், அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

இன்னொன்று. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கிட்டார் செய்யும் ரோஜர் பக்னால் ஒரே அளவில் ஆறு கிட்டார் செய்து கொடுத்தார். முதுகு, பக்கம் மட்டும் வேறு வேறு மரம். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 கிட்டார் கலைஞர்கள் மங்கிய வெளிச்சமுள்ள அறையில், வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசித்தார்கள். ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். முதுகு முழுக்க மாறியும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, முடியளவு பசை தெரியுமாம்.

தச்சன்பேரன்:
ஆக, உங்கள் ஈட்டி மரமும் பாடவில்லை என்று நீங்களே ஆதாரம் கொடுத்துவிட்டீர்கள்.

கூடலூரான்:
பிரேசில் மரத்துக்கு எங்கள் மரம் இளைத்ததல்ல என்று அந்த ஆய்வு சொல்கிறது. அப்படித்தான் படிக்க வேண்டும். 1992இல் பிரேசில் ரோஸ்வுட்டைப் பன்னாட்டு வணிகத்தில் தடை செய்தார்கள். இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். ஈட்டிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை, ஒளிக்க மாட்டேன்.

தச்சன்பேரன்:
அந்த ஆய்வில் பசையை மாற்றினார்களா? இல்லை. மரத்தை மாற்றினார்கள். பசையை மாற்றி ஆய்வு செய்யும் வரை என் காதை நான் நம்புவேன். ஒரே மாதிரியான இரண்டு பழைய கிட்டார்களின் பிரேஸ்களை நான் மறுபடி ஒட்டியிருக்கிறேன், ஒன்று வச்சிரம், ஒன்று டைட்பாண்ட். முன்பலகையைக் கட்டைவிரலால் தட்டினால் ஒன்று மணி மாதிரி நீண்டது. மற்றது சீக்கிரம் அடங்கியது.

எடிசன்வாசி:
இரண்டு கிட்டாரும் ஒரே மரத்தில் அறுத்த பலகையா? பிரேஸ்களின் எடை ஒன்றா?

தச்சன்பேரன்:
எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். தொழிற்சாலைச் சுற்றுலா போனவர் என்னிடம் கணக்குக் கேட்கிறார்.

எடிசன்வாசி:
கேள்வி கேட்டால் சுற்றுலாக்காரன். சரி. 1937 கிட்டார்களை அங்கே அருங்காட்சியகத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

கூடலூரான்:
இவர் கைவேலை பற்றி நானும் பதிவு செய்கிறேன். 2021இல் என் பன்னிரண்டு கம்பி கிட்டாரின் பிரிட்ஜை இவரிடம்தான் ஒட்டக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் பின்பக்கம் ஒரு தாள் நுழையும் அளவு எழும்பிவிட்டது. இன்று வரை ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை.

தச்சன்பேரன்:
இதை இங்கே சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். அதை எந்தப் பசையில் ஒட்டினேன், சொல்லுங்கள். டைட்பாண்ட். வச்சிரம் காய்ச்சட்டுமா என்று கேட்டேன். "மாட்டுப் பசை வேண்டாம், சீக்கிரம் முடியுங்கள்" என்றது நீங்கள். கூடலூர் மழைக்காலத்தில் பெட்டிக்குள் போடாமல் சுவரில் மாட்டி வைத்ததும் நீங்கள். எழும்பிய படத்தை அனுப்பியபோது திரும்பக் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம் என்றேன். நீங்கள் வரவில்லை.

கூடலூரான்:
கூடலூரிலிருந்து சென்னைக்கு இரண்டு முறை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா? முதல் முறையே சரியாக ஒட்டியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

சுருதிப்பெட்டி:
இதை இருவரும் தனிச்செய்தியில் பேசிக்கொள்ளலாமே.

புதுவிரல்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

தச்சன்பேரன்:
ஒரு கண்ணாடித் தட்டில் சூடான வச்சிரம் ஒரு சொட்டு விட்டு மூன்று நாள் காய விடுங்கள். சுருங்கும்போது கண்ணாடியின் மேல்தோலையே செதில் செதிலாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு வரும். முன்பு ஜன்னல் கண்ணாடிகளில் இதை வைத்தே வேலைப்பாடு செய்தார்கள். பக்கத்தில் டைட்பாண்ட் ஒரு சொட்டு விடுங்கள், நகத்தால் உரிந்து வரும். இன்று காலை என் மேசையில் இரண்டையும் விட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை படம் போடுகிறேன்.

கூடலூரான்:
படம் போடுங்கள். கண்ணாடி உடைவதைப் பார்க்கிறேன். பாடுவதைக் கேட்க வேண்டும், அதற்கும் ஒரு பதிவு போடுங்கள். பிரிட்ஜ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

தச்சன்பேரன்:
கொண்டுவாருங்கள், வச்சிரத்தில் ஒட்டித் தருகிறேன்.

கூடலூரான்:
வேண்டாம்.