லேப்டாப்பிலிருந்து ஸ்டீரியோவுக்கு: டிஏசி வாங்கணுமா, ஜாக்கே போதுமா?

கோமதி_நெல்லை: விண்டோஸ் 11 லேப்டாப், பழைய ஸ்டீரியோ ஆம்ப். ஆம்பில் ஆர்சிஏ (சிவப்பு-வெள்ளை) இன்புட் மட்டும்தான். செட்டாப் பாக்ஸும் அதில்தான் இருக்கு. ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து 3.5 மிமீ – ஆர்சிஏ கேபிள் போட்டால் 'உம்ம்'னு இரைச்சல். பாட்டெல்லாம் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஃபைல்). டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக்கும் தனிப் பெட்டி) வாங்கினால் சரியாகுமா?

சுருதிபேதம்: வாங்கிடுங்க. சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். லேப்டாப் ஜாக் பெரும்பாலும் 1 வோல்ட், சிலதில் அதுவும் இல்லை. குறையும் 6 டெசிபெலை ஆம்பில் ஏற்றும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

கம்பிவேலை: அவசரப்பட்டுக் காசைப் போடாதீங்க. பாட்டு ஓடும்போதே சார்ஜரைக் கழற்றுங்க. 'உம்ம்' நின்றால் அது கிரவுண்ட் லூப். சார்ஜரின் மூணாவது பின் வழியா ஒரு எர்த், செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயர் வழியா இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவில் உள்ள மின்னழுத்த வேறுபாடு ஆடியோ கேபிளின் ஷீல்டில் (வெளி உறைக் கம்பியில்) ஓடுது. யுஎஸ்பி டிஏசி போட்டாலும் தீராது, யுஎஸ்பி கேபிளிலும் கிரவுண்ட் கம்பி இருக்கே! அதுக்காக எர்த் பின்னை வெட்டிடாதீங்க, உயிருக்கே ஆபத்து.

ஃபோனோ (ரெக்கார்ட் பிளேயருக்கான) இன்புட்டில் செருகலையே? அது சிக்னலை ஏறக்குறைய 100 மடங்கு பெருக்கி, பாஸையும் தூக்கிவிடும். சத்தம் உடைஞ்சுதான் வரும். ஆக்ஸ் இல்லன்னா சிடி இன்புட்டில் செருகுங்க.

சுருதிபேதம்: லூப்னா ஆப்டிகல் இன்புட் உள்ள டிஏசி எடுக்கட்டும். யுஎஸ்பியை ஆப்டிகலா மாற்றும் சின்னப் பெட்டி கிடைக்குது. ஒளியில் மின்சாரம் போகாது, லூப் அங்கேயே அறுந்துடும். 24 பிட் / 96 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 96,000 சாம்பிள்) வரை நம்பலாம். 192-ல் பாட்டு விட்டு விட்டு வரலாம்.

அதோட, விண்டோஸ் எல்லா ஆப்களின் சத்தத்தையும் கலந்து ஒரே சாம்பிள் ரேட்டுக்கு மாற்றித்தான் அனுப்பும். உச்சத்தைத் தொடும் இடங்களை அதன் லிமிட்டர் அமுக்கும். ஃபூபார்2000 பிளேயரில் அவுட்புட் பக்கத்தில் 'எக்ஸ்க்ளூசிவ்' என்றிருக்கும் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கலவை நடக்காது.

கம்பிவேலை: எக்ஸ்க்ளூசிவ் சரி, ஒத்துக்கறேன். செலவும் இல்லை. சவுண்ட் செட்டிங்கில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' ஆஃப் பண்ணுங்க. விண்டோஸ் வால்யூம் 100, கூட்டிக் குறைப்பது ஆம்பில் மட்டும். ஆனா 96, 192 எதுக்கு? 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டே 22 கிலோஹெர்ட்ஸ் ஒலி வரை தாங்கும், காது 20-க்கு மேல் கேட்காது. மவுஸை அசைத்தால் 'கிர்ர்' என்று மாறும் இரைச்சல்னா கதையே வேற, அது லேப்டாப் உள்ளிருந்து வருவது. அதுக்கு ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிளே போதும்: 24 பிட் / 48 கிலோஹெர்ட்ஸ், 1 வோல்ட்.

ராகமாலை: ப்ளூடூத் ரிசீவர்?

சுருதிபேதம்: லூப் வராது. ஆனா எஸ்பிசி கோடெக் (ப்ளூடூத் பாட்டைச் சுருக்கும் முறை) நொடிக்கு 328 கிலோபிட் அளவில்தான், சிடி 1411. ஃப்ளாக் வைத்திருப்பவருக்கு எதுக்கு?

கோமதி_நெல்லை: சார்ஜரைக் கழற்றினதும் நின்னுடுச்சு. மறுபடி செருகி, கேபிள் டிவி ஒயரைக் கழற்றினாலும் நிக்குது!

கம்பிவேலை: அப்போ அந்த ஒயருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவில் ஒரு கோஆக்சியல் ஐசொலேட்டர் (டிவி சிக்னலை விட்டு, எர்த் தொடர்பை மட்டும் அறுக்கும் சின்ன அடாப்டர்) போடுங்க. ஆடியோ கேபிள் நடுவில் போடும் மலிவான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். சின்னக் கோர், பாஸ் வந்தால் திணறும்.

சுருதிபேதம்: 'உம்ம்' அதோட போகும். ஆனா அந்த 6 டெசிபெல் பள்ளம் அப்படியேதான் இருக்கு. பாட்டை நிறுத்தி, வழக்கமா கேட்கும் வால்யூமில் ஸ்பீக்கர்கிட்ட காதை வைங்க. 'ஸ்ஸ்' கேட்டு, கேபிளை ஆம்பிலிருந்து கழற்றினதும் அடங்கினால், டிஏசி தேவைதான்.